சொன்னதைத் திருப்பிச் சொல்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இங்கே சுகம். சளி விட்டுவிட்டது, இருமல்தான் போக மனமில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏற விடாதீர்கள். லிஃப்ட் மெக்கானிக் பெண்டாட்டி படி ஏறினால் உங்களுக்குத்தான் மானக்கேடு.

ஒரு நல்ல செய்தி. இத்தனை வருஷமாக இந்தத் தொலைக்காட்சி நிறுவனத்தில் மற்றவர்கள் எழுதியதை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இனி நானும் எழுதப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அரை மணி நேரம் வரும் நகைச்சுவைத் தொடர், பெயர் 'நாலாம் மாடி'. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் நடக்கும் கதை. ஐந்து பேர் எழுதுகிறோம், நான் கடைக்குட்டி. அங்கே லிஃப்ட் பழுதுபார்க்க வாராவாரம் ஒரு மெக்கானிக் வருவார். அந்தப் பாத்திரத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

டிவியில் பிளம்பரோ பெயிண்டரோ வந்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்களே, நினைவிருக்கிறதா? தொப்பை, மறதி, வேலைக்கு வந்த வீட்டில் எதையாவது எடுத்துத் தின்பது, பெண்டாட்டியைக் கண்டால் நடுங்குவது. "இவனுங்க வீட்டுல குழாய் ஒழுகினா யாரைக் கூப்பிடுவானுங்க?" என்று கேட்பீர்கள். நான் அப்படி எழுத மாட்டேன். என் மெக்கானிக் வேலை தெரிந்த மனுஷனாக இருப்பார். ஜனங்கள் சிரிக்க வேண்டுமென்றால் அவர் அடிக்கும் கிண்டலுக்குச் சிரிக்கட்டும்.

நீங்கள்தான் உதவ வேண்டும். போனில் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று முடித்துவிடுவீர்கள். பேனாவைப் பிடித்தால்தான் உங்களுக்கு வாய் திறக்கும். உங்கள் தங்கைக்காக எழுதுங்கள், எல்லாவற்றையும்.

அன்புடன்,
வாயாடி

ஜனவரி 25

அன்புள்ள வாயாடிக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் கடிதத்தை அண்ணி இரண்டு முறை சத்தமாகப் படித்தாள். மூன்றாவது முறை பக்கத்து வீட்டில் போய்ப் படித்தாள், முழங்கால் வலியோடு. நீ இருமலுக்கு மருந்து சாப்பிடு.

எங்கள் வேலையில் அலங்காரமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பாதி நேரம் கிரீஸ், பாதி நேரம் "எப்ப சரியாகும், எப்ப சரியாகும்" என்ற கேள்வி. ஆனால் ஒரு விஷயம் உண்டு. அதை மட்டும் நன்றாக எழுது.

நானும் சுருட்டையும் பத்தொன்பது வருஷமாக ஜோடி. (நீ பார்த்தபோது அவனுக்கு முடி இருந்தது. இப்போது பெயர் மட்டும்தான் சுருட்டை.) அவன் லிஃப்ட் கூண்டின் உச்சியில் நின்று வேலை செய்வான். நான் மேல் மாடியில் கண்ட்ரோல் பெட்டி முன்னால் நிற்பேன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நான் பட்டனை அழுத்தினால் அவன் காலடியில் கூண்டு நகரும், தலைக்கு மேல் இரும்புக் கயிறு ஓடும். அதனால் அழுத்துவதற்கு முன் நான் கத்துவேன், "சுருட்டை, ஒரு அடி கீழே எடுக்கிறேன்!" அவன் அதையே திருப்பிக் கத்த வேண்டும், "சுருட்டை, ஒரு அடி கீழே எடுக்கிறேன்!" என்று. அவன் பெயரையும் சேர்த்து, அச்சு மாறாமல். "சரி" என்றால் ஒப்புக்கொள்ள மாட்டோம். சரி என்று ஒருவன் எதற்கு வேண்டுமானாலும் சொல்வான். கீழே எவனோ டீ வேண்டுமா என்று கேட்டதற்குக்கூடச் சொல்வான். வாக்கியம் முழுசாகத் திரும்பி வந்தால்தான் கை பட்டனுக்குப் போகும். ஒரு நாளைக்கு இருநூறு முறையாவது இப்படிக் கத்துவோம். அதனால்தான் பத்து விரலோடு இருக்கிறோம்.

இதை எழுது. உன் ஆளுக்கு இது இருந்தால் போதும், அவன் உண்மையான மெக்கானிக்.

அன்புடன் அண்ணன்

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமே. இருமல் போய்விட்டது. உங்கள் கடிதத்தை எங்கள் கூட்டத்தில் அப்படியே படித்துக் காட்டினேன். எல்லாரும் அவ்வளவு ரசித்தார்கள்! தலைமை எழுத்தாளர் கடிதத்தை வாங்கி இன்னொரு முறை படித்தார். திருப்பிக் கத்தும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டார். ஏப்ரல் ஆறாம் தேதி ஒளிபரப்பு.

இன்னும் எழுதுங்கள். சுருட்டை அண்ணன் எப்படிப் பேசுவார், வீட்டுக்காரர்களிடம் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள், எல்லாம் வேண்டும். அண்ணிக்கு முழங்கால் பட்டை அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
வாயாடி

ஏப்ரல் 7

அன்புள்ள வாயாடிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய்.

நேற்று சுருட்டை, அவன் மனைவி, எங்கள் கம்பெனி ஆட்கள் ஆறு பேர், பக்கத்து வீடு என்று எங்கள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பெயர்கள் ஓடியபோது உன் பெயர் ஐந்தாவதாக வந்தது. அண்ணி கை தட்டினாள். நானும் தட்டினேன்.

பிறகு அவன் வந்தான். கிரீஸ் மாமாவாம். சட்டைக்கும் பேண்ட்டுக்கும் நடுவே ஒரு சாண் வயிறு. வந்ததும் வராததுமாக அந்த வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தான். ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு வீடு பூராவும் தேடினான். கூட வருகிறவனுக்கு எதிரொலி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். இவன் "கீழே எடுக்கிறேன்" என்றால் அவனும் "கீழே எடுக்கிறேன்" என்கிறான். இவன் தும்மினால் அவனும் தும்முகிறான். இவன் "அதைத் திருப்பிச் சொல்லாதடா" என்றால், அவன் அதையும் திருப்பிச் சொல்கிறான். ஒவ்வொன்றுக்கும் சிரிப்புச் சத்தம்.

கம்பெனி ஆட்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்கள். சுருட்டைதான் நல்லவன். "நம்ம தொழிலும் டிவியில வந்துருச்சுல்ல அண்ணே, விடுங்க" என்றான். எனக்கு விட முடியவில்லை. கொஞ்சம் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. என்ன நடந்தது என்று எழுது.

அன்புடன் அண்ணன்

மே 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். வேலை தலைக்கு மேல். உடம்புக்கு ஒன்றுமில்லை.

நான் எழுதியது வேறு. வயிறும் ஃபிரிட்ஜும் தலைமை எழுத்தாளர் சேர்த்தது. மெக்கானிக் என்றால் ஜனங்களுக்கு உடனே அடையாளம் தெரிய வேண்டும் என்கிறார். ஐந்து பேரில் நான் கடைசி, என் பேச்சு எடுபடாது. கொஞ்சம் பொறுங்கள், பத்தாவது வாரத்துக்குள் அவரை நல்லபடியாக மாற்றிவிடுவேன். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
வாயாடி

ஜூன் 2

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அண்ணி உன் பட்டையைக் கட்டிக்கொண்டு நடக்கிறாள்.

ஒன்பது வாரம் பார்த்துவிட்டேன். கிரீஸ் மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று போன வாரம் காட்டினீர்கள். நான் உனக்குக் கடிதம் எழுதுகிறவனம்மா. போகட்டும். கோபத்தோடு எழுதவில்லை, ஒரு காரியமாக எழுதுகிறேன்.

இப்போது எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் நான் கத்தியதும் மாடிக்கு மாடி கதவு திறக்கிறது. நான் "ஒரு அடி கீழே எடுக்கிறேன்" என்றால் இரண்டாம் மாடியிலிருந்து யாரோ, நாலாம் மாடியிலிருந்து யாரோ, எல்லாரும் திருப்பிக் கத்துகிறார்கள். அதில் எது சுருட்டை குரல் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. கோட்டு போட்ட பெரிய மனிதர்கள்கூட "என்ன கிரீஸ் மாமா, எதிரொலி வரலையா?" என்கிறார்கள். சுருட்டை வெட்கத்தில் குரலைத் தாழ்த்திவிட்டான். எனக்கும் கத்த வாய் வர மாட்டேன் என்கிறது.

வயிறு இருக்கட்டும், ஃபிரிட்ஜ் இருக்கட்டும், பெண்டாட்டியிடம் அடி வாங்கட்டும். அந்தத் திருப்பிச் சொல்வதை மட்டும் எடுத்துவிடு. அது எங்களுக்கு உயிர் போகிற விஷயம். வேறு எதுவும் உன்னிடம் கேட்க மாட்டேன்.

அன்புடன் அண்ணன்

ஜூன் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். இங்கே வெயில் தாங்கவில்லை, அங்கேயும் அப்படித்தானா? அண்ணிக்கு மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். அளவு சரியில்லை என்றால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம். புது வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த அறையில் காற்றே வரவில்லை.

நீங்கள் கேட்டதைப் பேசிப் பார்த்தேன். அந்தக் காட்சிக்காகத்தான் ஜனங்கள் தொடரைப் பார்க்கிறார்கள் என்கிறார்கள். என் கையில் இல்லை அண்ணா.

அன்புடன்,
வாயாடி

ஜூலை 19

அன்புள்ள தங்கைக்கு,

நானும் அண்ணியும் உடம்பளவில் நலம். சுருட்டை ஆஸ்பத்திரியில் இருக்கிறான். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன.

பதினைந்தாம் தேதி, ஏழு மாடிக் கட்டடம். சுருட்டை கூண்டின் உச்சியில், நான் மேலே பெட்டி முன்னால். கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த காகிதத்தில் இருப்பது இதுதான்: நான் கத்தினேன், அவன் திருப்பிச் சொன்னான், சொல்லிவிட்டுக் கயிறு ஓடும் சக்கரத்திலிருந்து கையை எடுக்க மறந்துவிட்டான். இதை அவனே சொன்னான். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

அது பொய். நான் கத்தவே இல்லை. என் பின்னால் ஏழாம் மாடி ஆட்கள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே, "கத்துங்க மாமா, கத்துங்க" என்றார். கூட இருந்த பெண் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. அவர்கள் முன்னால் கிரீஸ் மாமாவாக நிற்க முடியவில்லை. ஒரு அடிதானே என்று நினைத்தேன். வாயைத் திறக்காமல் அழுத்திவிட்டேன்.

சுருட்டைக்கு அந்த நிமிடம் நினைவில் இல்லை. "அண்ணே கேட்காம அழுத்த மாட்டாரு" என்பது மட்டும் அவனுக்கு நிச்சயம். அதனால் தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவனே முடிவுகட்டிவிட்டான். அதிகாரி கேட்டபோது நான் பக்கத்திலேயே நின்றேன். வாயில் கொழுக்கட்டையா என்று கேட்பார்களே, அப்படி நின்றேன்.

இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அண்ணிக்குக்கூடத் தெரியாது. நான்தான் அவனிடம் சொல்ல வேண்டும், சொல்வேன். அதுவரை இது வெளியே போகக் கூடாது.

அண்ணன்

ஜூலை 25

என் அன்பு அண்ணா,

உங்கள் கடிதம் கைக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அழுதுகொண்டே எழுதுகிறேன். எல்லாம் என்னால் வந்தது. அலுவலகத்தில் சொல்லிவிட்டேன், இனி அந்தத் தொடருக்கு ஒரு வரி எழுத மாட்டேன், விலகிவிட்டேன். இதை நம்புங்கள்.

உங்கள் மனசில் இருப்பதை உள்ளேயே வைத்துப் புழுங்காதீர்கள். நடந்தது எல்லாவற்றையும் எனக்கு எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் சுருட்டை அண்ணன் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள், ஒன்று விடாமல் எழுதுங்கள். பாரம் இறங்கும். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
வாயாடி

ஆகஸ்ட் 5

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கண்டு எவ்வளவு ஆறுதல்! வேலையை விட்டிருக்க வேண்டாம். ஆனாலும் விட்டாயே, அது போதும். கைச்செலவுக்குத் திண்டாடாதே, இங்கே வந்துவிடு.

நீ கேட்டபடி எழுதுகிறேன். நான் போனபோது சுருட்டை தலையணை அளவு கட்டோடு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "என் தப்புதான் அண்ணே. உங்களுக்குத்தான் கெட்ட பேரு" என்றான். நான் அவனுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் தலையை ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே ஒரு சுளையை என் வாயில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. அவனுக்குக் கொண்டுபோன பழத்தை நான் தின்றிருக்கிறேன்.

செப்டம்பர் எட்டாம் தேதி அவன் வேலைக்குத் திரும்புகிறான். ஆபீசில் உட்கார்ந்து செய்கிற வேலை. அதற்கு முன் அவன் உடம்பு தேறட்டும். அன்று காலை கம்பெனி வாசலில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். என்ன சொல்வது என்று தினமும் குளிக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். அண்ணி கதவைத் தட்டி, "உள்ள யாரோட பேச்சு?" என்கிறாள்.

அன்புடன் அண்ணன்

ஆகஸ்ட் 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை 'நாலாம் மாடி' பார்க்க வேண்டாம். அண்ணியோடு எங்காவது வெளியே போய்விட்டு வாருங்கள். சுருட்டை அண்ணன் வீட்டிலும் பார்க்காமல் இருந்தால் நல்லது. நான் அடுத்த வாரம் நேரில் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறேன். கோபப்படாதீர்கள்.

வாயாடி

செப்டம்பர் 4

அம்மையீர்,

வணக்கம். கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் ஆகஸ்ட் 28 தேதியிட்ட கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஒளிபரப்பு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் போன் இருக்கிறது, எண்ணும் தங்களுக்குத் தெரியும். அப்படியும் கடிதம்தான் போட்டிருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சுருட்டை வீட்டில் இருந்தோம். அவன் மனைவிதான் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். டிவியைப் போட்டவனும் சுருட்டைதான். "நம்ம ஆளுங்க என்ன பண்றானுங்கன்னு பார்ப்போம் அண்ணே" என்றான். விலகிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். முன்பு ஐந்தாவதாக வந்த தங்கள் பெயர் இப்போது முதலாவதாக வருகிறது. என் மனைவி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவன்போல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரீஸ் மாமாவுக்குப் பின்னால் பெண்கள் வந்து நின்றார்கள். அவன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். வழக்கம்போல் கத்த வாயைத் திறந்தான், அந்தப் பெண்களைப் பார்த்தான், கத்தாமல் அழுத்தினான். உள்ளேயிருந்து "ஐயோ" என்று சத்தம். அடுத்த காட்சி ஆஸ்பத்திரி. எதிரொலிக்குத் தலையணை அளவு கட்டு. "என் தப்புதான் அண்ணே" என்றான். கிரீஸ் மாமா தலையை ஆட்டிக்கொண்டே அவன் பழத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தான். இத்தனை மாதத்தில் அவ்வளவு பெரிய சிரிப்புச் சத்தம் அந்தத் தொடரில் வந்ததில்லை.

சுருட்டை மனைவியும் முதலில் சிரித்தாள். அப்புறம் அவன் கையைப் பார்த்தாள். சுருட்டை இடது கையால் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னிடம், "அண்ணே, அன்னைக்கு நீங்க கத்துனீங்களா?" என்று கேட்டான்.

"இல்ல."

"அப்ப நான் கையை எடுக்க மறக்கல."

"நீ மறக்கல."

டிவியை அணைத்தான். பிறகு சொன்னான், "ஒன்றரை மாசமா என்னையே திட்டிட்டு இருந்தேன். நீங்க ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தா உங்களை நாலு திட்டு திட்டிட்டு, அப்புறம் விட்டிருப்பேன். இப்ப ஊரே சிரிச்சு முடிச்சிருச்சு. நான் எதைன்னு திட்டுறது? எதைன்னு விடுறது? வீட்டுக்குப் போங்க அண்ணே."

நாங்கள் சாப்பிடாமல் திரும்பினோம். மறுநாள் காலை கம்பெனியில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். கண்ட்ரோல் பெட்டியை இனி நான் தொடக் கூடாது. கிடங்கில் போட்டிருக்கிறார்கள். சுருட்டைக்கு அதற்குப் பக்கத்து அறையில்தான் மேஜை. எனக்கு வணக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்று வேறு கிளைக்கு மாற்றல் கேட்டிருக்கிறான்.

விரல்கள் போனது என்னால். பொய்க்குக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். இவற்றைத் தங்கள் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் அவனிடம் அதைச் சொல்வது ஒன்றுதான் என்னிடம் மிச்சமிருந்தது. எட்டு நாள் பொறுத்திருந்தால் நானே சொல்லியிருப்பேன். அழுகிறேன் என்று எழுதி, பாரம் இறங்கும் என்று எழுதி, என் வாயிலிருந்து அதைப் பிடுங்கி விற்றுவிட்டீர்கள். என்னை ஏமாற்றிவிட்டீர்கள். ஆரஞ்சுச் சுளையைக்கூட விட்டுவைக்கவில்லையே.

நேரில் வர வேண்டாம். நான் எழுதிய கடிதங்கள் அனைத்தையும் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிடுங்கள். நகல் எடுத்திருந்தால் அதையும் அனுப்புங்கள். தாங்கள் அனுப்பிய செருப்பும் முழங்கால் பட்டையும் தனிப் பார்சலில் வருகின்றன. செருப்பு அளவு சரியாகத்தான் இருந்தது என்று எழுதச் சொன்னாள் என் மனைவி.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்